அடுத்த சனிக்கிழமை நான்தான் தலைமை

கேள்வி: அக்கா, யாழ்ப்பாணத்தில் மேடைப்பேச்சுப் பழகும் ஒரு டோஸ்ட்மாஸ்டர்ஸ் கழகத்தில் சேர்ந்து ஏழு மாதம். நாலு பேச்சுப் பேசிவிட்டேன். அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்துக்கு என்னைத் தலைமை தாங்கச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு ஒரு தம்பி தன் முதற்பேச்சைப் பேசுகிறார். இன்னொருவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர்; ஒருநாளும் நேரத்துக்கு முடித்ததில்லை. தலைமையுரை எழுதத் தொடங்கினேன், நாலு பக்கம் வந்துவிட்டது. எதை வெட்டுவது?
- வாசகி, கொக்குவில்

பதில்: தங்கச்சி, நாலு பக்கத்தையும் வெட்டுங்கள். வணக்கம் சொல்லி, அன்றைய கருப்பொருளை ஒரு நிமிடத்தில் சொன்னால் போதும். பரிசளிப்பு விழாவும் கோயில் கூட்டமும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். தலைவர் என்றால் முன்வரிசையில் இருப்பவர்களை ஒவ்வொருவராக விளித்து அரைமணித்தியாலம் பேசுபவர் என்று மனதில் பதிந்து கிடக்கிறது. 1924இல் கலிபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி வை.எம்.சி.ஏ. இளைஞரைக் கூட்டி டோஸ்ட்மாஸ்டர்ஸைத் தொடங்கியபோது, பேசப் பழகுவதோடு கூட்டம் நடத்தப் பழகுவதையும் சேர்த்தே வைத்தார். சனிக்கிழமை உங்களுக்கு அந்த இரண்டாவது பாடம். வருகிற ஒவ்வொருவருக்கும் மேடையை நல்லபடி கொடுத்து, நல்லபடி திருப்பி வாங்குவதுதான் வேலை.

நான் முதன்முதல் தலைமை தாங்கிய அன்று நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெண் தன் அம்மாவின் தையல் மெசினைப் பற்றிப் பேச இருந்தார். 1995 இடப்பெயர்வில் அம்மா அதைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோன கதையை முதல்நாள் போனில் எனக்குச் சொன்னார். கேட்டு உருகிப்போய், அறிமுகத்திலேயே அந்தக் கதையை நான் சொல்லிவிட்டேன். அவர் வந்து நின்று, கையிலிருந்த முதல் கடதாசியை மெதுவாக எடுத்து அடியில் வைத்துவிட்டு, இரண்டாம் கடதாசியிலிருந்து பேசத் தொடங்கினார். அந்தக் கடதாசி நகர்ந்த சத்தம் இன்னும் என் காதில் நிற்கிறது.

அதனால் அந்தத் தம்பிக்குப் போன் எடுக்கும்போது பெயரை எப்படிச் சொல்ல வேண்டும், தலைப்பு என்ன என்று கேட்பதோடு, எதைச் சொல்லக்கூடாது என்றும் கேளுங்கள். எல்லாவற்றையும் அரைத்தாளில் எழுதுங்கள். தலைப்பையும் பெயரையும் கடைசியில் சொல்லி, கைதட்டலை நீங்களே தொடங்குங்கள். அவர் மேடைக்கு வந்து சேரும்வரை அந்த இடத்தை வெறுமையாக விட்டுப் போகாதீர்கள். கைகொடுங்கள், சங்கடமென்றால் கும்பிட்டாலும் சரி. பேசி முடித்ததும் பயத்தில் அவர் விறுவிறென்று இறங்கிவிடுவார். கதிரையில் இருக்கும்வரை கைதட்டல் ஓயக்கூடாது. பிறகு ஒரு வசனத்தில் நன்றி. பேச்சு எப்படி இருந்தது என்று நீங்கள் சொல்லப் போக வேண்டாம், அதற்கு மதிப்பீட்டாளர் இருக்கிறார்.

அதிபர் ஐயா விஷயம். அவரை நிறுத்துவது உங்கள் வேலை என்று பயப்படாதீர்கள், அதற்கு நேரக்கணிப்பாளர் இருக்கிறார். ஐந்திலிருந்து ஏழு நிமிடப் பேச்சுக்கு ஐந்தில் பச்சை அட்டை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு காட்டுவார். அதற்குமேல் முப்பது செக்கன் சலுகை. தம்பியின் முதற்பேச்சுக்கு நாலிலிருந்து ஆறு நிமிடம். ஐயாவுக்கும் முன்கூட்டியே போன் எடுத்து, "அட்டையை எந்தப் பக்கம் பிடித்தால் உங்களுக்கு வசதி ஐயா?" என்று கேளுங்கள். எங்கள் கழகத்தில் ஒரு பெரியவர் நேரம் தாண்டித் தாண்டிப் பேசுவார். வயதுபோன கண்ணுக்கு மூலையில் பிடித்த அட்டை தெரியவேயில்லை என்பது மாதக்கணக்காக எங்களுக்கு விளங்கவில்லை. நடுவரிசைக்கு மாற்றியபிறகு பெரும்பாலும் மஞ்சளிலேயே முடிக்கப் பார்ப்பார். ஐயா அப்படியும் தாண்டினால், இருந்த இடத்தில் அமைதியாக எழுந்து நில்லுங்கள். அவருக்குப் புரியும்.

உண்மையில் நேரம் அதிகம் போவது பேச்சுகளுக்கு நடுவில்தான். ஒருவர் வராமல் விட்டால் காரணம் விளக்கிக்கொண்டு நிற்காமல் அடுத்தவரைக் கூப்பிடுங்கள். திடீர்ப் பேச்சுக்கு ஆளுக்கு ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம், மதிப்பீட்டுக்கு இரண்டிலிருந்து மூன்று. இதையெல்லாம் நிகழ்ச்சிநிரலின் ஓரத்தில் மணிக்கணக்கோடு எழுதி, மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வையுங்கள். கரண்ட் போனால் மைக்கைத் தேடாமல் இரண்டடி முன்னே வந்து பேசுங்கள்.

மற்றவர்களுக்குப் புதன்கிழமை எடுத்தாலும் பரவாயில்லை, தம்பிக்கு இன்றைக்கே போன் எடுங்கள். தலைப்பைக் கேட்டால் அவருடைய பயமும் சேர்ந்து வரும். அவர் சொல்லி முடிக்கும்வரை போனை வைக்காதீர்கள்.