'செக்' எங்கிருந்து வந்தது?: கேள்வி பதில்

கேள்வி: சார், பாங்க்கில் கொடுப்பது செக், கட்டம் போட்ட சட்டை செக், லாரியை மடக்கினால் செக்போஸ்ட், செஸ்ஸில் ராஜாவை மிரட்டினாலும் செக். எல்லாம் ஒரே சொல்லா?

பதில்: ஒரே சொல்தான். பாரசீகத்தில் 'ஷா' என்றால் அரசர். எதிராளியின் ராஜாவைக் குறிவைத்துக் காய் நகர்த்துகிறவர் "ஷா!" என்று எச்சரிப்பார். ஆட்டம் அரபிகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. 'ஷா' லத்தீனில் 'ஸ்காக்கஸ்' ஆகி, பழைய பிரெஞ்சில் 'எஸ்செக்' ஆகி, ஆங்கிலத்தில் தலை உதிர்ந்து 'செக்' ஆனது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மையிலிருந்து பிறந்ததுதான் 'செஸ்'.

கேள்வி: அரசர் எப்படி 'சரிபார்ப்பது' ஆனார்?

பதில்: செக் வைத்துவிட்டால், எதிராளி போட்டுவைத்த திட்டத்தையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு ராஜாவைக் காப்பாற்றியாக வேண்டும். அதனால் தடை, நிறுத்தம் என்ற பொருள் வந்தது. அதிலிருந்து கட்டுப்படுத்துவது, அப்புறம் தப்பு நடக்காமல் சரிபார்ப்பது. "அவனுக்குச் சரியான செக் வச்சிட்டான்" என்று நாம் பேசுவது பழைய பொருளில். செக்போஸ்ட்டில் நிறுத்தவும் செய்கிறார்கள், பார்க்கவும் செய்கிறார்கள்!

கேள்வி: செக்மேட் என்றால் 'அரசர் செத்தார்' என்று படித்தேன்.

பதில்: மூலம் 'ஷா மாத்'. அரபியில் 'மாத்த' என்றால் இறந்தான். அதனால் அந்த விளக்கம் பரவிவிட்டது. பாரசீகத்தில் 'மாத்' என்பது செய்வதறியாமல் திகைத்து நிற்பது. எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது. மற்ற காய்களை வெட்டலாம். ராஜாவை யாரும் வெட்டுவதே இல்லையே.

கேள்வி: பாங்க்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன் நான். செக்குக்கு நாங்கள் 'க்யூ' எழுத்துப் போடுவோம். அமெரிக்காவில் இருக்கும் மகன் 'சி, கே' போடுகிறான். எது சரி?

பதில்: இரண்டும் சரி, ஆனால் உங்கள் மகன் எழுதுவதுதான் பழசு. 18ஆம் நூற்றாண்டில் 'செக்' என்றது மோசடியைத் தடுக்க வைத்துக்கொள்ளும் அடிக்கட்டையை. பிறகு அடிக்கட்டையின் பெயர் கிழித்துக் கொடுக்கும் தாளுக்கே ஒட்டிக்கொண்டது. 'க்யூ' வந்தது எக்ஸ்செக்கர் என்ற சொல்லின் சாயலில்.

கேள்வி: பிரிட்டன் நிதியமைச்சர் பதவியில் வருகிற அதே எக்ஸ்செக்கரா?

பதில்: அதேதான், இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஷெரீஃப்கள், அதாவது வட்டாரங்களில் அரசரின் அதிகாரிகள், அரசருக்குச் சேரவேண்டிய பணத்துக்குக் கணக்குக் காட்ட வருவார்கள். சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஒரு மேசை. மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. பென்ஸுக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒன்று, பவுண்டுக்கு ஒன்று என்று பிரித்து, வில்லைகளை வைத்தும் எடுத்தும் கூட்டிக் கழிப்பார்கள். ரோமன் எண்களை எழுதிக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏன் என்று புரியும். அப்போது பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் இதை விவரித்து எழுதியிருக்கிறார்; செஸ்ஸில் ராஜாக்கள் மோதுவதுபோல இங்கே பொருளாளரும் ஷெரீஃபும் மோதுகிறார்கள் என்கிறார். செஸ் பலகைக்கான லத்தீன் சொல்லே மேசைக்கும், பிறகு அந்த அலுவலகத்துக்கும் பெயரானது. கட்டம் போட்ட சட்டைக்கும் செஸ் பலகைதான் மூலம்.

கேள்வி: அப்போ செக் குடியரசு? மரச்செக்கு எண்ணெய்?

பதில்: முன்னது அந்த மக்கள் தங்களுக்கே வைத்துக்கொண்ட பெயர். பின்னதில் ஓசை மட்டும்தான் ஒன்று. இரண்டுக்கும் ஷாவோடு ஒரு சம்பந்தமும் இல்லை.