ராஜினாமா கடிதமும் கேப்டனும்: அமரீந்தர் சிங் பற்றிக் கேள்வி பதில்

பட்டாளத்தில் இருந்தபோது பட்டியாலா, ஃபெரோஸ்பூர் என்று பஞ்சாபில் ஏழு வருடம் ஓட்டியவன் நான். பஞ்சாபி மொழியின் குர்முகி எழுத்தைக் கூட்டிப் படிக்கப் பழகியதே சுவரில் எழுதிய தேர்தல் விளம்பரங்களைப் பார்த்துத்தான். பஞ்சாபின் முன்னாள் முதலமைச்சர் அமரீந்தர் சிங்கை அங்கே கேப்டன் என்பார்கள். "கேப்டனைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

நம்ம விஜயகாந்த் மாதிரி இவருக்கும் ரசிகர்கள் வைத்த பட்டமா 'கேப்டன்'?

இல்லை தம்பி. விஜயகாந்துக்கு அது சினிமா வழியாக வந்தது. இவருக்கு ராணுவத்தில் கிடைத்த பதவி. தேசிய பாதுகாப்பு அகாடமியில் படித்து, 1963-ல் சீக் ரெஜிமென்ட்டில் அதிகாரியாகச் சேர்ந்தவர். அரசியல் சாசனத்தின் 18-வது பிரிவு பட்டங்களை ஒழித்தாலும் ராணுவப் பதவிக்கும் கல்விப் பட்டத்துக்கும் விலக்கு வைத்திருக்கிறது. பட்டியாலா அரச குடும்பத்துப் பிள்ளை இவர். 'மகாராஜா' என்று அரசு காகிதத்தில் போட்டுக்கொள்ள முடியாது, 'கேப்டன்' போட்டுக்கொள்ளலாம். அங்கே டீக்கடையில் இரண்டுமே கேட்கும், ஊர்க்காரர்களுக்கு அவர் மகாராஜாதான்.

ராஜா வீட்டுப் பிள்ளை உண்மையில் சண்டை பார்த்தாரா, இல்லை யூனிஃபார்ம் போட்டு போட்டோ எடுத்துக்கொண்டதோடு சரியா?

நியாயமான சந்தேகம். 1965 தொடக்கத்தில் குடும்பக் காரணம் சொல்லி ராணுவத்தை விட்டு வந்துவிட்டார். அதே வருடம் பாகிஸ்தானோடு போர் மூண்டதும் திரும்பிப் போய்ச் சேர்ந்தார். போட்ட இடம் பதுங்குகுழி இல்லை. மேற்குப் பிராந்தியத் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் ஹர்பக்ஷ் சிங்கின் ஏ.டி.சி., அதாவது எந்நேரமும் கூடவே இருக்கும் உதவி அதிகாரி. துப்பாக்கி சுட்ட வீரர் என்று சொல்லிக்கொள்ள அதில் இடமில்லை. ஆனால் முழுப் போரும் எப்படி நடத்தப்பட்டது என்று பார்க்க அதைவிட நல்ல நாற்காலி கிடையாது.

அவரே பலமுறை சொன்ன சம்பவம்: ராத்திரி தொலைபேசியில் தலைமைத் தளபதி சௌத்ரி, படையைப் பியாஸ் ஆற்றுக்குப் பின்னால் கொண்டுவரச் சொல்கிறார். அப்படிச் செய்தால் அமிர்தசரஸ் போய்விடும். ஹர்பக்ஷ் சிங் முடியாது என்கிறார். படை நகரவில்லை, அமிர்தசரஸும் நம்மிடமே இருந்தது. மேலிடம் சொல்வதெல்லாம் வேதவாக்கு இல்லை என்று 23 வயதில் பக்கத்தில் நின்று பார்த்த ஆள் பிற்பாடு காங்கிரஸ் மேலிடத்தோடு எப்படி நடந்துகொண்டிருப்பார், யோசித்துக்கொள்ளுங்கள்.

ராணுவத்தில் இருந்துகொண்டே எம்.எல்.ஏ. ஆகலாமா ஐயா?

ஆக முடியாது. ராணுவச் சட்டப்படி பணியில் இருப்பவர் கட்சியில் சேரவோ அரசியல் கூட்டத்தில் பேசவோ கூடாது, ஓட்டு மட்டும் போடலாம். பிராந்திய ராணுவம் (டெரிட்டோரியல் ஆர்மி) வேறு கதை. அதில் பகுதிநேரமாகச் சேரலாம் என்பதால் ராஜஸ்தானின் டோங்க் எம்.எல்.ஏ. சச்சின் பைலட் அதில் அதிகாரி.

எத்தனை தடவை ராஜினாமா செய்திருக்கிறார்? கொள்கையா, கோபமா?

இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள வென்ற தேர்தல்களைவிட எழுதிக் கொடுத்த கடிதங்களை எண்ணுவது மேல்.

1980-ல் டூன் பள்ளி நண்பர் ராஜீவ் காந்தி அழைத்துவந்து காங்கிரஸ் எம்.பி. ஆனார். 1984 ஜூனில், இந்திரா காந்தி ஆட்சியில், சீக்கியர்களின் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்தது. எம்.பி. பதவியையும் கட்சியையும் சேர்த்தே உதறினார். தான் சேவை செய்த ராணுவம், தான் வணங்கும் கோயில், தன் நண்பன் குடும்பத்து அரசாங்கம், மூன்றும் ஒரே இடத்தில் மோதியபோது அவர் நின்ற பக்கம் அது. எனக்கு அவர்மேல் ஆயிரம் குறை உண்டு, இதில் மட்டும் இல்லை.

பிறகு சீக்கியர்களின் கட்சியான அகாலி தளம். 1985-ல் தல்வண்டி சாபோ தொகுதியில் வென்று முதலமைச்சர் பர்னாலாவின் அமைச்சரவையில் விவசாயத் துறை. எட்டு மாதம்கூட ஆகவில்லை, 1986 ஏப்ரல் கடைசியில் மறுபடி பொற்கோயிலுக்குள் பாதுகாப்புப் படை. இந்தத் தடவை அனுப்பியது அவர் அமர்ந்திருந்த அரசாங்கமே. அமைச்சர் பதவியை விட்டார். 1992-ல் தனியாக ஒரு அகாலி கட்சி தொடங்கினார், அது தேறவில்லை, 1998-ல் காங்கிரஸோடு கரைந்தது. அடுத்த வருடமே மாநிலத் தலைவர், 2002-ல் முதலமைச்சர். மூன்றாவது கடிதம் 2016-ல், கீழே தண்ணீர் கேள்வியில் வருகிறது. நான்காவது 2021.

முதல் இரண்டில் அவருக்கு நஷ்டம்தான், லாபம் இல்லை. மூன்றாவது தேர்தலுக்கு மூன்று மாதம் முன்னால் எழுதியது, அதில் கணக்கு இருந்தது. நான்காவது அவராக எழுதியது இல்லை, எழுத வைத்தது.

பஞ்சாப் தண்ணீர் ஒப்பந்தத்தை ஒரே சட்டத்தில் ரத்து செய்தாராமே, அது எப்படிச் செல்லும்?

செல்லவில்லை. ஆனால் செல்லாது என்று தெரிவதற்குள் பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது!

பஞ்சாப் தண்ணீரை அரியானாவுக்குக் கொண்டுபோகத் திட்டமிட்ட சட்லெஜ்-யமுனை இணைப்புக் கால்வாய் 214 கிலோமீட்டர். பஞ்சாபுக்குள் 122, மீதி அரியானாவில். 1982 ஏப்ரலில் பட்டியாலா மாவட்டத்துக் கபூரி கிராமத்தில் இந்திரா காந்தி தொடங்கிவைத்தார். விழாவில் பட்டியாலா எம்.பி. அமரீந்தரும் இருந்தார், அந்தப் போட்டோவை அகாலிகள் இன்றுவரை விடுவதில்லை. கால்வாயைக் கட்டி முடிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-லும் 2004 ஜூனிலும் உத்தரவு போட்டது. 2004 ஜூலை 12-ல் முதலமைச்சர் அமரீந்தர் சட்டசபையைக் கூட்டி, அண்டை மாநிலங்களோடு போட்ட நதிநீர் ஒப்பந்தங்களை ரத்து செய்யும் சட்டத்தை ஒரே நாளில் ஒருமனதாக நிறைவேற்றினார். டெல்லியில் அவர் கட்சியின் மன்மோகன் சிங் பதவியேற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அரியானாவுக்கும் ராஜஸ்தானுக்கும் ஏற்கெனவே போகிற தண்ணீர் போகட்டும் என்று ஐந்தாவது பிரிவில் எழுதிவைத்தார். உரிமை எங்களுடையது, கொடுப்பது எங்கள் மனசு என்று அர்த்தம். எங்கள் கிராமத்தில் வாய்க்கால் சண்டையில் பெரியவர்கள் பேசுகிற பேச்சு இது.

குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டார். 2016 நவம்பர் 10-ல் சட்டம் செல்லாது என்று பதில் வந்தது. அமிர்தசரஸ் எம்.பி. பதவியை அன்றே ராஜினாமா செய்தார் கேப்டன். அருண் ஜேட்லியை ஒரு லட்சத்துக்கும் மேல் வாக்கு வித்தியாசத்தில் 2014-ல் தோற்கடித்து வாங்கிய பதவி அது.

நமக்கு இதில் ஒரு ஒட்டு உண்டு. முல்லைப் பெரியாறில் 142 அடி வரை தேக்கலாம் என்று 2006-ல் தீர்ப்பு வந்ததும் கேரளா சட்டத்தைத் திருத்தி 136-லேயே நிறுத்தியது. தமிழ்நாடு வழக்குப் போட்டு 2014-ல் அந்தத் திருத்தத்தை உடைத்தது. தீர்ப்பைச் சட்டசபை வழியாக அழிக்கக்கூடாது என்று அதில் சொன்னதைத்தான் பஞ்சாப் விஷயத்திலும் நீதிமன்றம் கையில் எடுத்தது. காவிரிக்காக 1991-ல் கர்நாடகா போட்ட அவசரச் சட்டத்துக்கும் அதே கதிதான்.

சட்டசபையிலிருந்தே இவரைத் துரத்தினார்களாமே?

2008-ல், அகாலி தள முதலமைச்சர் பாதல் ஆட்சியில். அமிர்தசரஸ் மேம்பாட்டு அறக்கட்டளையின் 32 ஏக்கர் நில விவகாரத்தில் சபைக் குழு விசாரித்து வெளியேற்றியது. முந்தைய ஆட்சியில் நிர்வாகத்தில் நடந்ததற்குச் சபை உரிமையைச் சாக்கு வைத்து இப்போது தண்டிக்க முடியாது என்று 2010-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. எம்.எல்.ஏ. பதவி திரும்பக் கிடைத்தது. நில வழக்கிலும் 2018-ல் விடுதலை.

நான் முன்னாள் ஹவில்தார். எங்களுக்கு என்ன செய்தார் சார்?

ஜெய் ஹிந்த் அண்ணே. 2017-க்குப் பிறகு கிராமத்துக்கு ஒருவராக முன்னாள் படைவீரரை 'ஆட்சிக் காவலர்' என்று நியமித்தார். ரேஷன் சரியாகப் போடுகிறார்களா, முதியோர் பென்ஷன் வந்ததா, பள்ளியில் மதியச் சாப்பாடு எப்படி என்று பார்த்து மொபைல் செயலியில் அனுப்ப வேண்டும். யோசனை நல்லது. ஆனால் பஞ்சாயத்துத் தலைவருக்கும் ரேஷன் கடைக்காரருக்கும் தலைக்குமேல் ஒரு சுபேதார் வந்து உட்கார்ந்தால் ஊர் சும்மா இருக்குமா? அறிக்கை போனது, நடவடிக்கை எடுக்கத்தான் ஆள் இல்லை. 2022-ல் ஆம் ஆத்மி அரசு திட்டத்தைக் கலைத்தது.

2017-ல் 117-க்கு 77 வென்றவர் எப்படி அதே ஆட்சியில் கவிழ்ந்தார்?

அதே தேர்தலில் பட்டியாலாவில் இவரை எதிர்த்து நின்ற முன்னாள் ராணுவத் தலைமைத் தளபதி ஜே.ஜே. சிங் டெபாசிட் இழந்தார். கேப்டன் ஜெனரலைத் தோற்கடித்தார் என்று ஊரே சிரித்தது. அந்த உயரத்திலிருந்துதான் விழுந்தார்.

2015 டிசம்பரில் பட்டிண்டா கூட்டத்தில் குட்கா சாஹிப் என்ற புனித நூலைக் கையில் ஏந்தி, போதைப்பொருளின் முதுகெலும்பை நான்கு வாரத்தில் உடைப்பேன் என்று சத்தியம் செய்தார். மேடை வாக்குறுதியை மக்கள் மறப்பார்கள், நூலைத் தொட்டுச் செய்ததை மறக்கமாட்டார்கள். 2015-ல் சீக்கியர்களின் வேதமான குரு கிரந்த சாஹிபை அவமதித்த வழக்கும், அதற்காகப் போராடியவர்கள்மேல் நடந்த துப்பாக்கிச் சூடும் முடிவுக்கு வரவில்லை. முன்னாள் கிரிக்கெட் வீரரும் காங்கிரஸ்காரருமான சித்து தினமும் குத்திக்கொண்டே இருந்தார். அவரையே 2021 ஜூலையில் மாநிலத் தலைவராக்கியது மேலிடம்.

இன்னொன்று, ஆளைப் பார்க்க முடியாது. சிஸ்வானில் உள்ள பண்ணை வீட்டிலிருந்து ஆட்சி நடக்கிறது என்று சொந்த எம்.எல்.ஏ.க்களே புலம்பினார்கள். பட்டாளத்தில் கமாண்டிங் ஆபீசரைப் பார்க்க முன்கூட்டியே அனுமதி வாங்குவோம், சரி. தொகுதியில் சாக்கடை பிரச்சினை வைத்திருக்கிற எம்.எல்.ஏ. அப்படிக் காத்திருக்கமாட்டார்.

செப்டம்பர் 8-ம் தேதி அந்தப் பண்ணை வீட்டில் ஒலிம்பிக் பதக்கக்காரர்களுக்கு விருந்து. நீரஜ் சோப்ரா வந்திருந்தார். முதலமைச்சரே அடுப்பு முன் நின்று பட்டியாலா அரண்மனைப் பக்குவத்தில் கறி சமைத்துத் தன் கையால் பரிமாறினார். அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை, மனுஷன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். பத்தே நாளில், 18-ம் தேதி சாயங்காலம், அவரைக் கேட்காமலே எம்.எல்.ஏ.க்கள் கூட்டம் அறிவித்தார்கள். கூட்டம் தொடங்குமுன் ஆளுநரிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, அவமானப்படுத்திவிட்டார்கள் என்று வாசலில் சொன்னார். வாங்கிக்கொண்ட ஆளுநர் அந்த மாதம்வரை நம்ம கிண்டியில் ஆளுநராக இருந்த பன்வாரிலால் புரோகித்.

இப்போது?

நவம்பர் 2021-ல் பஞ்சாப் லோக் காங்கிரஸ் என்று கட்சி தொடங்கினார், சின்னம் ஹாக்கி மட்டையும் பந்தும். 2022-ல் பா.ஜ.க. கூட்டணியில் நின்று ஒரு இடம்கூட வரவில்லை. 2002-லிருந்து தொடர்ந்து நான்கு பொதுத்தேர்தலில் ஜெயித்த பட்டியாலாவிலேயே ஆம் ஆத்மி வேட்பாளரிடம் 19,873 வாக்கில் தோற்றார். அந்த செப்டம்பரில் கட்சியை பா.ஜ.க.வில் கரைத்தார். அரண்மனை மோத்தி பாக் அதே ஊரில்தான் இருக்கிறது, தோற்கடித்த தெருக்களிலிருந்து காரில் பத்து நிமிடம்.