ரத்தத்தில் இருக்கிறதா, நோட்டில் இருக்கிறதா?

அன்புள்ள ஐயா,

ரோஸ்ஹில்லில் நண்பர்கள் சேர்ந்து சனிக்கிழமைகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் கதையாட்டம்) ஆடப்போகிறோம். 2014 விதிப்புத்தகம்தான் கையில் இருக்கிறது. ஒருவன் ஃபைட்டர் (போர்வீரன்), ஒருவன் ரோக் (திருட்டு வித்தைக்காரன்), அத்தை மகன் கிளெரிக் (பூசாரி). மந்திரக்காரன் இடம் எனக்கு. நோட்டு வைத்துப் படித்து மந்திரம் கற்கிற விசார்ட், பிறவியிலேயே சக்தி உள்ள சோர்சரர், ஏதோ ஒரு பெரிய சக்தியோடு ஒப்பந்தம் போட்டு மந்திரம் வாங்குகிற வார்லாக், இதில் எதை எடுக்கலாம்? எதில் அடி அதிகம்? எனக்கு சோர்சரர்தான் பிடித்திருக்கிறது. சக்தி ரத்தத்திலேயே இருக்கிறது, உட்கார்ந்து படிக்க வேண்டியதில்லை. வார்லாக் என்றதும் அம்மா, "விரதம் வருகிற நேரத்தில் வீட்டுக்குள் லோங்கானிஸ் (சூனியம்) வேண்டாம்" என்கிறார்.

ச.

அன்புள்ள ச.,

அடிக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். ஐந்தாம் லெவலில் விசார்ட், சோர்சரர் இருவருக்கும் ஃபயர்பால் (தீக்கோள மந்திரம்) கிடைத்துவிடும். இருவர் உருட்டுவதும் அதே எட்டு ஆறுமுகப் பகடைதான் (முருகன் மன்னிப்பார்). வார்லாக்குக்குச் சின்ன ஓய்விலேயே ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) திரும்பிவிடும், ஆனால் பத்தாம் லெவல் வரை கையில் இரண்டுக்கு மேல் இருக்காது. ஆட்டத்தை நடத்துகிறவன் ஓய்வெடுக்க விடாதவன் என்றால் திண்டாடிப்போவாய். அம்மாவிடம், இது பகடையும் கூட்டல் கழித்தலும்தான் என்று ஒருமுறை சொல். கேட்காவிட்டால் விட்டுவிடு. பத்து நாள் விரதம் இருக்கப்போகிறவரிடம் வாதாடி ஜெயித்து என்ன காணப்போகிறாய்?

உன்னிடம் எனக்குக் கோபம் வேறொரு வரிக்காக. "ரத்தத்திலேயே இருக்கிறது, படிக்க வேண்டியதில்லை." இதே வசனத்தை மொரிஷியஸில் ஒவ்வொரு தைப்பூசத்திலும் கோயில் வாசலில் கேட்கிறேன். எங்கள் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. 1998-ல் அதை இந்திக்குக் கீழே தள்ளி அச்சடித்தபோது கொதித்து எழுந்தோம், அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற வைத்தோம். நல்ல காரியம்தான். ஆனால் அந்த நோட்டில் இருக்கும் தமிழ் வரியைப் படித்துக் காட்டு என்று கேட்டால், "ரத்தத்தில் இருக்கிறது அங்கிள்" என்று சிரிக்கிறார்கள். நீயாவது தமிழில் கடிதம் எழுதுகிறாய். உனக்கு எதற்கடா இந்தப் பேச்சு?

என் தாத்தாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பாட்டு தெரியும். பஜனையில் காதால் கேட்டதைப் பிரெஞ்சு எழுத்தில் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். பிரெஞ்சில் ழ கிடையாது, ள கிடையாது. அதனால் ழ வருகிற இடத்தில் எல் (l) எழுத்துக்கு அடியில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி, ள வந்தால் இரண்டு. நெடிலுக்கு எழுத்தின் பின்னால் ஒரு வால். தாளம் விழுகிற இடத்தில் சின்ன வட்டம். இதெல்லாம் அவராகக் கண்டுபிடித்த கணக்கு, யாருக்கும் சொல்லித்தரவில்லை. அவர் போன பிறகு என் அத்தை அந்த நோட்டை எடுத்து உட்கார்ந்தார். ஒரு பாட்டை அவிழ்க்கச் சில சமயம் ஒரு சாயங்காலம் முழுக்கப் போய்விடும். வாய்விட்டுப் பாடிப் பார்ப்பார், நாக்கு இடறினால் புள்ளியைத் தவறாகப் படித்திருக்கிறோம் என்று அர்த்தம். பிடிபட்ட பிறகுதான் தன் நோட்டில், தன் வழியில் எழுதிக்கொள்வார்.

இப்போது உன் விதிப்புத்தகத்தில் விசார்ட் பகுதியைத் திற. இன்னொருவரின் நோட்டிலிருந்து மந்திரத்தைப் பெயர்த்து எழுத, அந்த மந்திரத்தின் ஒவ்வொரு லெவலுக்கும் இரண்டு மணி நேரம், ஐம்பது பொற்காசு. ஏன் அவ்வளவு? ஒவ்வொரு விசார்டும் தனக்கென்று ஒரு குறியீட்டில் எழுதுகிறான், அதை அவிழ்த்து, சொல்லிப் பழகி, பிறகு தன் குறியீட்டில் எழுத வேண்டும். சொந்த நோட்டுக்கே மறுபிரதி என்றால் லெவலுக்கு ஒரு மணி நேரம், பத்துக் காசு போதும். இந்த விதியை எழுதியவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாரோ என்று தோன்றும். நோட்டு தொலைந்தால் என்ன ஆகும் என்றும் இருக்கிறது: அன்றைக்குத் தயார் செய்து மனதில் வைத்திருக்கும் மந்திரங்களை மட்டும் புது நோட்டில் எழுதலாம். மற்றது போனது போனதுதான். 1960 பிப்ரவரிக் கடைசியில் கரோல் புயல் எங்கள் தகரக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனபோது தாத்தாவின் முதல் நோட்டும் போயிற்று. அந்த வருடத் தைப்பூசத்துக்கு ஒத்திகை பார்த்த பாடல்கள் மட்டும் நாக்கில் இருந்தன, அவற்றைத்தான் இன்னொரு நோட்டில் எழுதினார். அத்தை அவிழ்த்தது அந்த இரண்டாவது நோட்டை. முதல் நோட்டில் எத்தனை பாட்டு இருந்தன என்று தாத்தாவுக்கே கணக்கில்லை.

சோர்சரரை நான் குறைத்துச் சொல்லவில்லை. மந்திரத்தைத் தன் இஷ்டத்துக்கு வளைத்துப் போடும் மெட்டாமேஜிக் நல்ல வித்தை. வாயசைக்காமல் மந்திரம் போடுவது வேறு யாருக்கும் சுலபத்தில் வராது. ஆனால் இருபதாம் லெவலுக்குப் போனாலும் அவனுக்குத் தெரிவது பதினைந்து மந்திரம். விசார்ட் ஆறில் தொடங்கி லெவலுக்கு இரண்டாகச் சேர்த்தாலே நாற்பத்து நான்கு. கண்டெடுத்த நோட்டுகளிலிருந்து எழுதிக்கொள்வது தனி.

ஆகவே விசார்ட் எடு. முதல் ஆறில் காம்ப்ரிஹெண்ட் லாங்குவேஜஸ் கட்டாயம் இருக்கட்டும். எந்த எழுத்தையும் தொட்டுப் படிக்கலாம், பக்கத்துக்கு ஒரு நிமிடம். துணைக்கு ஒரு சின்னப் பிராணியை வரவழைக்கும் ஃபைண்ட் ஃபமிலியரும் எடுத்துக்கொள். அதற்குப் பித்தளைச் சட்டியில் கரி, சாம்பிராணி, மூலிகை போட்டு எரிக்க வேண்டும், அம்மாவுக்கு அதில் ஆட்சேபம் இருக்காது. முதல் குகைக்குள் நுழையும் முன் நோட்டுக்கு மறுபிரதி எழுதி கிளெரிக் பையில் போட்டு வை. உன் அத்தை மகன் பொருளைத் தொலைக்கிற ஆள் என்றால் ஃபைட்டரிடம் கொடு.