எத்தனை மூடி ஆயில் ஊற்றுவது?

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் 4 ஏக்கர் தென்னந்தோப்பு. களை வெட்ட போன வருடம் பிரஷ் கட்டர் வாங்கினேன். 20 நிமிடம் ஓடினால் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. சூடு ஆறினால்தான் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. புகையில் கண் எரிகிறது. ஆயில் கூட ஊற்றினால் இன்ஜினுக்கு நல்லது என்று கடைக்காரர் சொன்னதால் பெட்ரோல் லிட்டருக்கு 4 மூடி கலந்து ஊற்றுகிறேன். மெக்கானிக் 6 மூடி என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டும் சரியில்லை. எந்த டப்பாவின் மூடி என்று இருவரும் சொல்லவில்லை பாருங்கள். 10 மில்லி பிடிக்கும் மூடியும் உண்டு, 25 மில்லி பிடிப்பதும் உண்டு. உங்கள் இயந்திரத்துக்கு 50:1 (50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்) என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 40:1 என்றால் 25, 25:1 என்றால் 40. அவ்வளவுதான். மருந்துக்கடையில் 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி இதற்கென்றே வையுங்கள். மாட்டுக்கு மருந்து கொடுப்பதை எடுத்துவிடாதீர்கள்.

ஆயில் கூடினால் ஆயுள் கூடாது, கரிதான் கூடும். எரியாத ஆயில் சைலன்சரிலும் புகை வெளியேறும் துவாரத்திலும் படிகிறது. புகை போக வழியில்லாமல் இன்ஜின் திணறுகிறது. சைலன்சரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சின்னக் கம்பி வலை இருந்தால் அநேகமாக அடைத்திருக்கும். சுரண்டிச் சுத்தம் செய்து, பிளக்கையும் மாற்றுங்கள். அப்புறமும் சூட்டில் நின்றால் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

அளவைவிட எனக்குக் கவலை, நீங்கள் ஊற்றுவது எந்த ஆயில் என்பது. டிரம்மிலிருந்து லூஸாக ஊற்றித் தருவதை வாங்கவே வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. டிராக்டருக்கு ஊற்றும் இன்ஜின் ஆயிலை இதில் கலக்கச் சொல்பவர் இருந்தால் அந்தக் கடைப் படி ஏறாதீர்கள். அது எரிவதற்காகச் செய்த ஆயில் இல்லை, எரிந்தால் சாம்பல் விடும். சீல் உடைக்காத 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் டப்பாவில் ‘ஜாசோ எஃப்.டி’ (JASO FD) என்ற தரக் குறியீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், எஃப்.சி கிடைத்தாலும் போதும். லிட்டருக்குச் சில நூறு ரூபாய் கூடத்தான் ஆகும். 50:1 இயந்திரத்தில் ஒரு லிட்டர் ஆயில் 50 லிட்டர் பெட்ரோலுக்கு வரும் என்று கணக்குப் போட்டால் அது ஒரு செலவே இல்லை. பிஸ்டனும் சிலிண்டரும் கோடு விழுந்து மாற்ற நேர்ந்தவர்களுக்கு இது தெரியும்.

நீங்கள் கேட்காத ஒன்று: பெட்ரோல் எத்தனை நாள் பழசு? இப்போது பங்க்கில் வருவதில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் கேனில் கிடந்தால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் இறங்கிவிடும், ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்கின் அடியிலிருந்துதானே இன்ஜின் உறிஞ்சுகிறது? ஆயிலே இல்லாததைக் குடித்து பிஸ்டன் இறுகி சீஸ் ஆகும். எனவே ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் மூடியுள்ள தனிக் கேனில் கலந்து, ஒவ்வொரு முறையும் குலுக்கி ஊற்றுங்கள். டேங்கிலேயே பெட்ரோலை ஊற்றி மேலே ஆயில் விடுவது கலவையே இல்லை. வேலை முடிந்து ஒரு மாதம் சும்மா வைக்கப் போகிறீர்கள் என்றால் டேங்கை வடித்துவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டர் ரப்பர் கெடாமல் இருக்கும்.

கார்டை (வெட்டும் தலைக்கு மேலிருக்கும் பாதுகாப்பு மறைப்பை) கழற்றிவிட்டு, களை வெட்டும் நைலான் நரம்பை நீளமாக விட்டு வெட்டுகிறீர்களோ? தோப்புக்குத் தோப்பு அப்படித்தான் பார்க்கிறேன். நரம்பு நீண்டால் இன்ஜின் இழுக்க முடியாமல் சூடேறும். அந்த இழுவைக் குறைவுக்குப் பாதிக் காரணம் அதுவாகவும் இருக்கலாம். கார்டைத் திரும்ப மாட்டுங்கள், அதிலுள்ள கத்தியே நரம்பை அளவாக வெட்டிக்கொள்ளும்.