பீ-ஐ-என் என்று வாசித்தால் 'பின்' வராது! (வாசகர் கேள்வி-பதில்)

கேள்வி: ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். என் பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஏ முதல் இசட் வரை சொல்வார்கள். நான்கு கோடு நோட்டில் அழகாக எழுதவும் செய்கிறார்கள். ஆனால் மூன்றெழுத்துச் சொல் ஒன்றைப் பலகையில் எழுதிப் போட்டால் ஒருவருக்கும் வாசிக்க வரவில்லை. எங்கே தவறு?

உங்கள் உழைப்பில் குறை இல்லை டீச்சர். பிள்ளைகளுக்கு எழுத்துகளின் பெயர் தெரிகிறது, சத்தம் தெரியவில்லை, அவ்வளவுதான். தமிழில் 'அ'வின் பெயரும் அ, சத்தமும் அ. ஆங்கிலம் அப்படி இல்லை. டபிள்யூ என்று சொல்கிறோமே, அந்த எழுத்து சொல்லுக்குள் போய் என்ன சத்தம் போடும் என்று அந்தப் பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, குண்டூசிக்கான 'பின்' என்ற சொல்லைக் காட்டிப் பாருங்கள். விரலை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி 'பீ... ஐ... என்...' என்று சொல்லும், அப்புறம் உங்கள் முகத்தைப் பார்க்கும். இந்த மூன்று பெயரையும் எவ்வளவு வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் 'பீயையென்'தான் வரும், பின் வராது. 'ப்... இ... ன்...' என்று பழகிய பிள்ளை நாலாவது தடவையில் தானாகவே 'பின்!' என்று கத்தும். அந்த முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் நீங்கள் பழைய முறைக்குத் திரும்பவே மாட்டீர்கள்.

இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. ப் + இ = பி என்று தமிழில் சொல்லித் தருகிறோம் இல்லையா, அதே கணக்குதான் இதுவும். ஆனால் மெய்யெழுத்தை இக், இங் என்று சொல்லிப் பழகிய நாக்கு 'இப்' என்று ஆரம்பிக்கும், இல்லாவிட்டால் 'ப' என்று அகரம் சேர்த்துக்கொள்ளும். இரண்டுமே சொல்லைக் கெடுத்துவிடும். உதடு மூடித் திறக்கும்போது வரும் அந்தச் சின்ன வெடிப்பு மட்டும் போதும்.

26 எழுத்தையும் வரிசையாக முடித்துவிட்டுத்தான் சொல்லுக்குப் போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எஸ், ஏ, டீ, பீ, ஐ, என் (s, a, t, p, i, n) என்ற ஆறு எழுத்துகளின் சத்தம் தெரிந்தாலே சிட், டின், பேன், நேப், ஆன்ட் என்று ஒரு கூடைச் சொற்களை வாசித்துவிடலாம், அதனால்தான் இப்படிச் சத்தத்தை வைத்து வாசிக்கப் பழக்கும் ஃபோனிக்ஸ் முறையில் பலரும் இந்த ஆறில் தொடங்குகிறார்கள். பெரிய எழுத்தைவிடச் சின்ன எழுத்துக்கு முதலிடம் கொடுங்கள், புத்தகத்தைத் திறந்தால் பக்கம் முழுக்க அதுதானே இருக்கிறது. த (the), வாஸ் (was), செட் (said) மாதிரியான சொற்கள் சத்தக் கணக்குக்கு ஒழுங்காக அடங்காது, ஆனால் எல்லா வரியிலும் வந்து நிற்கும். இப்படி அடிக்கடி வரும் 220 சொற்களை எட்வர்ட் டால்ச் என்பவர் 1936-லேயே பட்டியல் போட்டார். அதிலிருந்து வாரத்துக்கு மூன்று நான்கு எடுத்துப் பார்த்ததும் அடையாளம் தெரிகிற அளவுக்குப் பழக்கினால் போதும்.

கேள்வி: என் மகளுக்கு வாசிக்க எளிதாக இருக்கட்டும் என்று ஆங்கிலச் சொற்களின் மேலே தமிழில் உச்சரிப்பு எழுதித் தருகிறேன். சரிதானே?

இல்லை அம்மா, தயவுசெய்து இன்றோடு நிறுத்திவிடுங்கள். குண்டூசிக்கும் 'பின்' என்றுதான் எழுதுவீர்கள், குப்பைத் தொட்டிக்கும் 'பின்' என்றுதான் எழுதுவீர்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்தும் வேறு, சத்தமும் வேறு. தமிழ் எழுத்து மேலே இருக்கும்வரை பிள்ளையின் கண் கீழே இறங்கவே இறங்காது.

எழுதித் தருவதற்குப் பதிலாக ஒன்று செய்யுங்கள். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை மகளின் உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு இரண்டு சொல்லையும் சொல்லச் சொல்லுங்கள். குண்டூசிக்குக் காகிதம் படபடக்க வேண்டும், குப்பைத் தொட்டிக்கு அநேகமாக அசையாது. ஃபேன் சொல்லும்போது மேல்பல் கீழுதட்டைத் தொடுகிறதா என்று கண்ணாடியில் பார்க்கட்டும். ஸூ என்று மிருகக்காட்சி சாலையைச் சொல்லும்போது வண்டு ரீங்காரம் மாதிரி தொண்டை அதிர வேண்டும், கை வைத்துப் பார்த்தால் தெரியும். தமிழில் இந்த வேறுபாடுகளுக்குத் தனித்தனி எழுத்து இல்லாததால் காதால் பிடிக்கத்தான் கொஞ்சம் நாளாகும்.

கேள்வி: பேரன் சின்ன பி-யையும் (b) சின்ன டி-யையும் (d) மாற்றி மாற்றி எழுதுகிறான். பயப்பட வேண்டுமா?

ஆறு வயதில் இது சர்வசாதாரணம் ஐயா. ஒரு குவளையின் காது இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் அது குவளைதான் என்று பிறந்ததிலிருந்து கற்றுக்கொண்ட பிள்ளையிடம், திடீரென்று 'பக்கம் மாறினால் பெயரும் மாறும்' என்கிறோம். கொஞ்சம் டைம் கொடுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் சொல்லித் தராமல் ஒன்று நன்றாகப் பதிந்த பிறகு மற்றதுக்குப் போகலாம். மணலிலோ காற்றிலோ பெரிதாக, கை முழுக்க அசைத்து எழுதச் சொல்லுங்கள். எட்டு வயது தாண்டியும் இது நிறைய வந்து, வாசிப்பிலும் தடுமாற்றம் இருந்தால் அப்போது ஆசிரியரிடம் பேசி ஒரு நிபுணரைப் பார்க்கலாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் சரளமாக வராது. பிள்ளையோ வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். வீட்டில் முழுக்க ஆங்கிலத்திலேயே பேச வேண்டும் என்கிறார்கள்.

வேண்டாம். உங்களுக்கு நன்றாக வருகிற தமிழில் நிறையப் பேசுங்கள், கதை சொல்லுங்கள். கதையை முன்பின் மாறாமல் தமிழில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் புதிதாகத் தேவைப்படுவது சொற்கள்தான், யோசனை ஏற்கெனவே இருக்கிறது.

வாய் திறக்காத பிள்ளை கற்கவில்லை என்று அர்த்தமில்லை. தமிழையே ஒரு வருடம் கேட்டுவிட்டுத்தானே பேசத் தொடங்கியது! ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களில் வளர்த்தெடுத்த முறை இதற்கு அருமையாகப் பொருந்தும்: நீங்கள் ஸ்டாண்ட் அப், சிட் டவுன், டச் யுவர் நோஸ் என்று சொல்லிச் செய்து காட்டுங்கள், பிள்ளை செய்தால் போதும், பதில் பேச வேண்டியதில்லை. தினமும் ஐந்தே நிமிடம். சில வாரங்களில் அதுவே உங்களுக்குக் கட்டளை போட ஆரம்பிக்கும், அப்போது நீங்கள் எழுந்து நிற்க வேண்டும்.

பேச ஆரம்பித்த பிறகு 'ஐ கோட்' (I goed) என்று சொன்னால் தப்பு என்று வெட்டாதீர்கள். 'ஓ, யூ வென்ட்? வேர்?' என்று சரியான சொல்லைப் போட்டு அடுத்த கேள்வியைக் கேளுங்கள், பேச்சு நிற்காமல் போகட்டும்.