மகளிரியல் எம்.ஏ.: அப்பாவிடம் என்ன சொல்வது?

பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு மகளிரியல் எம்.ஏ. சேர ஆசை, ஆனால் "அதைப் படிச்சு என்ன வேலை கிடைக்கும்?" என்று அப்பா கேட்கிறார் என எழுதியிருந்தீர்கள். முதலில் அவரிடம் நெட் தேர்வைச் சொல்லுங்கள்; கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தகுதித் தேர்வு அது. யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) நெட் பாடப் பட்டியலில் மகளிரியல் தனிப் பாடம், குறியீடு 74. எம்.ஏ.வில் 55 சதவீதம் (இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 50) இருந்தால் எழுதலாம். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்து பிஎச்.டி. சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய். இந்தத் தொகையைக் கேட்டதும் வீட்டில் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்!

ஆனால் நம்மூர்க் கலைக் கல்லூரிகளில் இதற்கெனத் தனித் துறை அரிது என்பதும் உண்மை. அதனால் கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமோ திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகமோ, களப்பணி எவ்வளவு, ஆய்வேட்டுக்கு வழிகாட்டுவது யார் என்று துறைக்கே போன் போட்டுக் கேளுங்கள். இலக்கியம் படித்தவருக்கு எழுத்து கைவரும், புள்ளியியல்தான் இடிக்கும். அதை இந்த விடுமுறையிலேயே கொஞ்சம் தொட்டுப் பாருங்கள்.