சென்னை மாடியில் பிரம்மா, சில்கி கோழிகள் வளர்க்கலாமா? வெயில் தாங்குமா?

வீடியோவில் பார்க்க இரண்டும் அழகுதான். ஆனால் இந்த ஊரில் வெயிலை மட்டும் கணக்குப் பார்த்தால் போதாது. கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்து, மூச்சில் போகும் ஈரத்தால்தான் உடம்பைக் குளிர்விக்கும். சென்னைப் புழுக்கத்தில் அந்த ஈரம் சட்டென்று ஆவியாகாது. வெயில் இறங்கின பிறகும் கோழி இரைத்துக்கொண்டே இருப்பது அதனால்தான்.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சேலையூரில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு ஜோடி பிரம்மா வைத்திருந்தேன். பேரைக் கேட்டால் நம்ம ஊர்ப் பறவை என்று தோன்றும். பிரம்மபுத்திராவை வைத்து வந்த பேர்தான். ஆனால் ஷாங்காயிலிருந்து போன கோழிகளை வைத்து அமெரிக்காவில் உருவான இனம். கால் விரல் வரை இறகு, கொண்டை சின்னது, எல்லாம் குளிருக்கான உடுப்பு. கத்திரியில் ஒரு ராத்திரி பதினோரு மணிக்குப் போய்ப் பார்க்கிறேன், சேவல் இரண்டு இறக்கையையும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, தொண்டை படபடவென்று துடிக்கிறது. ஈரச் சாக்கு போட்டேன், ஃபேன் வைத்தேன். விடிவதற்குள் போய்விட்டது. "கம்பளிச் சட்டை போட்டவனை மொட்டை மாடியில நிக்க வெச்சா வேற என்ன ஆகும்?" என்றார் அம்மா.

சில்கியின் பிரச்சினை ஐப்பசி, கார்த்திகையில். மற்றக் கோழிகளின் இறகு இழைகள் கொக்கி போட்டதுபோல ஒன்றோடொன்று பிணைந்திருக்கும், தண்ணீர் வழிந்து ஓடிவிடும். சில்கிக்கு அந்தப் பிணைப்பு கிடையாது. ஒரு சாரல் பட்டால் பஞ்சு மாதிரி ஊறி நடுங்கும். சாரல் அடிக்காத கூரை இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

அபூர்வமாக வேண்டும், இந்த ஊருக்கும் ஒத்துவர வேண்டும் என்றால் என் முதல் ஓட்டு கழுத்தறுத்தானுக்கு. கழுத்தில் இறகே இல்லாமல் மொட்டையாக இருக்குமே, அதுதான். பார்க்க லட்சணம் கம்மி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கழுத்து மட்டுமல்ல, உடம்பு முழுக்கவே அதற்கு இறகு குறைவு. சூடு சுலபமாக வெளியேறும். கழுத்தின் முன்பக்கம் சின்னக் குஞ்சம் இருந்தால் அந்தக் குணம் தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருக்கிறது என்று அர்த்தம். சுத்தமாக மொட்டை என்றால் இரண்டு பக்கமும்.

அடுத்தது கடக்நாத். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பக்கத்துக் கருங்கோழி, 2018இல் புவிசார் குறியீடு வாங்கியது. வாங்கும்போது வாயைத் திறந்து பாருங்கள், நாக்கு நல்ல சிவப்பாக இருந்தால் கலப்பு என்று சந்தேகப்படலாம். இது அடை உட்காருவது அபூர்வம். நான் அதன் முட்டைகளைச் சிறுவிடை என்கிற நம்ம நாட்டுக்கோழிப் பெட்டையிடம்தான் வைப்பேன். 21 நாளில் அவள் பொரித்துக் கொடுத்துவிடுவாள்.

எந்த இனமானாலும் கொட்டகையின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும், வெயில் உள்ளே இறங்குவது குறையும். தகரம் போட்டால் மேலே கீற்றும் போடுங்கள். தரையில் உமி. குனிந்து மோந்து பார்க்கும்போது கண் எரிந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். குஞ்சுக்கு ஏழாம் நாள், வெள்ளைக் கழிச்சல் நோயைத் தடுக்கும் லசோட்டா சொட்டு மருந்து கட்டாயம். அந்த நோய் வந்தால் அபூர்வ இனம் என்று விட்டுவைக்காது.

அப்புறம், குஞ்சு பொரிக்க வேண்டாம், முட்டை போதும் என்றால் சேவலே வேண்டாம். விடிவதற்கு முன்பே கூவ ஆரம்பிக்கும். பக்கத்து வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்த வாராவாரம் கடக்நாத் முட்டை கொடுத்து வருகிறேன். முதல் தடவை கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன சார், கறுப்பா இல்லையே?" என்று சந்தேகமாகத்தான் எடுத்துப் போனார்.